பேகன் போர்வையும் பறவை மருத்துவமும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும்பேகன், மலைச்சாரலில் நின்ற மயிலொன்றைக் கண்டு, அது குளிரால் வருந்துகின்றதெனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்த செய்தி. மயில் அதனை உடுத்தாது, போர்த்துக்கொள்ளாது என்பதை அறிந்திருந்தும் அவன் ஈந்தான் என்று பரணர் பாராட்டுவர். இங்ஙனம் பயன் விளையுமோ விளையாதோ என்று நில்லாது கொடுக்கும் இயல்பைப் பண்டைச் சான்றோர் ‘கொடைமடம்’ எனப் பெயரிட்டு, அதனைக் குற்றமாகக் கொள்ளாது புகழாகவே போற்றினர்.

யானும் அதனைப் போற்றுவேன். ஆயினும், இவ்வரலாற்றைப் பறவை மருத்துவர் ஒருவர் கேட்பின் யாது கூறுவார்? “மயிலுக்கு அதன் இறகே போர்வை. தோகையை விரித்து அதிர்ப்பது பெடையின் கண்ணைக் கவரும் ஆட்டமேயன்றிக் குளிர்நடுக்கம் அன்று. உண்மையில் நோயுற்ற பறவை ஆடாது. இறகுகளைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு, கண்களை மூடி, ஒரு மூலையில் ஒடுங்கும். அதற்கு வேண்டுவது போர்வை அன்று, நோய் யாதென அறிதல்” என்று கூறுவார்.

பறவையின்பால் அருள் கொள்ளுதல் எளிது. அதன் உடலை அறிந்து அருளுதல் அரிது. அவ்வரிய பணியைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவார்க்கு, அத்தொழிலின் இயல்பையும், அருமையையும், அதற்குரிய கல்விநெறியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வினவுவார்க்கு, அடுத்து வரும் செய்தி விடையாகுக.

யான் செய்த பிழை

யான் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபோது, ஒருநாள் காலை, இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்தபின், எம் வீட்டு வேப்பமரத்தடியில் மைனாக் குஞ்சொன்று கிடக்கக் கண்டேன். அதன் உடலில் இறகுகள் முளைத்திருந்தன. வாயைத் திறந்து திறந்து கத்திற்று. பசியாற் கதறுகின்றதென்று எண்ணி, என் தங்கைக்குப் பால் புகட்டிய சங்கை அடுக்களையிலிருந்து எடுத்துவந்து, அதன் அலகைப் பிளந்து பாலை வார்த்தேன். குஞ்சு ஒருமுறை தலையை உதறிற்று, மூச்சுத் திணறிற்று, சிறிது நேரத்தில் என் உள்ளங்கையிலேயே இறந்துபட்டது. “அதன் விதி அவ்வளவே” என்று என் அன்னையார் தேற்றினார்கள். யானும் அங்ஙனமே நம்பியிருந்தேன்.

ஐந்தாண்டு கழிந்தபின், எம் பாட்டியார் ஊரில் கோழிகட்குத் தடுப்பூசி இட வந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதனைப் பேச்சிடையே கூறினேன். அவர் ஒரு கோழியின் அலகைத் திறந்து, நாவின் அடியிலே திறந்து மூடும் ஒரு சிறு துளையைக் காட்டி, “தம்பி, இதுவே இதன் மூச்சுக்குழலின் வாய். மனிதர்க்குள்ளது போல இதனை மூடிக் காக்கும் மடல் பறவைக்கு இல்லை. நீ வார்த்த பால் வயிற்றுக்குச் செல்லவில்லை, மூச்சுக்குழலில் இறங்கிற்று. மேலும், பால் பறவைக்கு உணவே அன்று. இறகு முளைத்த குஞ்சாயின், பூனைக்கு எட்டாத கிளையொன்றில் வைத்துவிட்டு நீ அப்பாற் சென்றிருந்தால், தாய் வந்து இரை கொடுத்திருக்கும்” என்றார்.

விதி என்று யான் எண்ணியிருந்தது என் அறியாமை என்பதை அன்றே உணர்ந்தேன். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் என் தங்கை, பறவை மருத்துவம் பயில விரும்புவதாகக் கூறினாள். எம் மாமா, “மனிதர்க்கு மருத்துவம் பார்த்தாற் பொருளும் உண்டு, மதிப்பும் உண்டு, காக்கைக்கும் குருவிக்கும் வைத்தியம் பார்த்து என்ன பெறப் போகிறாய், அம்மா?” என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த யான் கற்றவற்றையே ஈண்டுத் தொகுத்து எழுதுகின்றேன்.

பறவையின் உடலமைப்பு

பறவையைச் சிறகு முளைத்த சிறு விலங்காகக் கருதுதல் பெரும்பிழை. அதன் உடல் பறத்தற்பொருட்டே அமைந்தது. ஆகவே அதன் ஒவ்வோர் உறுப்பும் நாயினுடையதும் பூனையினுடையதும் போன்று இயங்குவதில்லை.

முதற்கண் மூச்சினை நோக்குவோம். மனிதர்க்கு நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே விதானம் என்னும் தசைத்திரை உண்டு. அது தாழ்ந்து உயர்வதால் மூச்சு நிகழ்கிறது. பறவைக்கு அத்தகைய தசைத்திரை இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே காற்று உள்ளே சென்று வெளியே வருகின்றது. அன்றியும், நுரையீரலோடு தொடர்புடைய காற்றுப்பைகள், பெரும்பான்மையான பறவைகட்கு ஒன்பது, உடலெங்கும் பரந்துள்ளன. இவற்றால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரலினூடே புதுக்காற்று ஒருவழிப் பாய்ந்த வண்ணம் இருக்கும். இவ்வமைப்பிலிருந்து மருத்துவர் கற்கும் முதற்பாடம், பறவையின் மார்பை இறுகப் பிடித்தல் ஆகாது என்பதே. மூக்கும் வாயும் திறந்திருப்பினும், மார்பெலும்பு அசைய இயலாவிடில் பறவை மூச்சற்று மாளும். அன்பினால் இறுக அணைத்துக்கொள்ளும் சிறுவர் கையில் கிளியும் குருவியும் இறப்பது இக்காரணத்தாலேயாம்.

காற்றை இத்துணை நன்றாக ஏற்கும் நுரையீரல் நஞ்சையும் அத்துணை விரைவாக ஏற்கும். பிரித்தானிய நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை முன்னறிதற்பொருட்டுக் கானரிக் குருவிகளைக் கூண்டிலிட்டுக் கொண்டுசென்ற வழக்கம் 1986 வரை நீடித்தது. மனிதர் மயங்கும் முன்னரே குருவி மயங்கி வீழும். இக்காலத்து இல்லங்களிலும், ஒட்டாத பூச்சுடைய வாணலி அளவிறந்து சூடேறின், அதனின்று எழும் ஆவியால் அடுத்த அறையிலுள்ள கூண்டுக்கிளிகள் மடிவதுண்டு. இதனைப் பறவை வளர்ப்போர் பலர் அறியார்.

அடுத்து எலும்பு. பறவைகள் பலவற்றிற்கு மேற்சிறகெலும்பு உட்டுளையுடையது, காற்றுப்பையோடு தொடர்புடையது. அது முறிந்து புண் வாய்திறந்தால், கழுவும் நீர் அவ்வழியே மூச்சுறுப்புகட்குட் செல்லக்கூடும். எனவே, ஆட்டின் காலைக் கழுவிக் கட்டுவதுபோலப் பறவையின் சிறகைக் கழுவிக் கட்டுதல் இயலாது.

இனிக் குருதி. ‘லவ் பேர்ட்ஸ்’ எனக் கடைகளில் விற்கப்படும் பட்ஜிரிகர் என்னும் ஆத்திரேலியச் சிறுகிளி 30 முதல் 40 கிராம் எடையே உடையது. அதன் உடலிலுள்ள குருதி முழுவதும் மூன்று அல்லது நான்கு மில்லிலிட்டர் அளவே. சோதனைக்காக மருத்துவர் அதனினின்று எடுக்கத் தகுவது 0.3 மில்லிலிட்டர் அளவினது. நகத்தை ஆழ வெட்டுவதால் ஒழுகும் சில துளிகளும் அதற்குப் பேரிழப்பாம். அறுவைக்கு முன் மனிதரை நெடும்பொழுது பட்டினி வைப்பதுபோல் அச்சிறு பறவையை வைத்தால், நோயால் மாளாதது பசியால் மாளும். பறவையின் உடல் வெப்பம் 40 முதல் 42 பாகை செல்சியசு வரை இருப்பதால், அவ்வெப்பத்தைக் காக்க அதற்கு இடையறாது உணவு வேண்டும். ஐசோஃப்ளூரேன் என்னும் மயக்கமருந்தை மூச்சின்வழிச் செலுத்தி, விரைவில் மயக்கி விரைவில் தெளிவிக்கும் முறை பரவிய பின்னரே, சிறு பறவைகட்கு அறுவை செய்தல் ஓரளவு அச்சமற்ற செயலாயிற்று.

நோயை மறைக்கும் நோயாளி

மனிதன் நோயுற்றால் முனகுவான்; நாய் நொண்டிக் காட்டும். பறவையோ தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்து தோன்றும் பறவையே வல்லூற்றின் கண்ணில் முதலிற் படுமாதலின், இயன்றமட்டும் நலமுற்றது போன்றே அது நடிக்கும். நடிக்கவும் வலியற்று அது கூண்டின் அடியில் வந்து அமரும் நாளிலேயே வளர்ப்பவர் நோயைக் காண்பர். “நேற்றுவரை நன்றாயிருந்தது, ஐயா” என்பதே மருத்துவர் நாள்தோறும் கேட்கும் சொல். அது நேற்று நன்றாயிருந்ததில்லை; பல நாள் நோயை மறைத்திருந்தது என்பதே உண்மை.

ஆதலின் பறவை மருத்துவருக்குக் கையினும் கண்ணே முதற்கருவி. அவர் கூண்டைத் திறப்பதற்கு முன், சற்றுத் தொலைவில் நின்று நோக்குவார். மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுகின்றதா? இரு கால்களிலும் சமமாக நிற்கின்றதா? சிறகு ஒருபுறம் தொங்குகின்றதா? பின்னர்க் கூண்டின் அடியிலுள்ள தாளைக் கேட்டு வாங்குவார். பறவையின் எச்சத்தில் மலமும், வெண்மையான உப்புப் பகுதியும், தெளிந்த நீரும் என மூன்று பகுதிகள் உண்டு. வெண்பகுதி பச்சையானால் ஈரலை ஐயுறுவர். நீர்ப்பகுதி பெருகினால் சிறுநீரகம் முதலியவற்றை ஆராய்வர். மார்பெலும்பின் இருபுறமுள்ள தசையை விரலால் தடவி, அது கத்தி முனைபோல் கூர்ந்து தோன்றின், உடல் நெடுநாள் மெலிந்து வந்துள்ளதென அறிவர். இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தோன்றாத மெலிவைத் தராசு காட்டுமாதலின், கிராம் கணக்கில் எடையிடுதலை அவர் ஒருகாலும் மறவார்.

வளர்ப்பவரிடம் வினவுதலும் மருத்துவத்தின் பாற்பட்டதே. விதைகளை மட்டுமே உண்டு வளரும் கிளிக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து, மூக்கும் தொண்டையும் நோய்வாய்ப்படும். அதற்கு வேண்டும் மருந்து புட்டியில் இல்லை. கீரையிலும் காரட்டிலும் உள்ளது.

தனிப்பறவையும் பெருங்கூட்டமும்

நம் நாட்டிற் பறவை மருத்துவர் பெரும்பாலும் காண்பது ஒரு கிளியை அன்று, ஆயிரக்கணக்கான கோழிகளையே. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் ஒரே கொட்டகையில் வாழும் கோழிகளின் தொகை ஒரு சிற்றூரின் மக்கட்டொகையை விஞ்சும். அங்கு மருத்துவரின் நோயாளி தனிக்கோழி அன்று, கூட்டம். இறந்த கோழி ஒன்றை அறுத்து நோக்கி, அதன் ஈரலும் குடலும் கூறும் செய்தியைப் படித்து, எஞ்சிய ஆயிரத்தைக் காத்தல் அவர் கடமை. அவர்க்குப் பிணமே விளக்காகின்றது.

சிற்றூர்களில் ‘வெள்ளைக் கழிச்சல்’ எனப்படும் நோயை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இங்கிலாந்தில் 1926இல் நியூகாசில் நகர்ப்புறத்தில் கண்டறியப்பட்டமையின் அதனை நியூகாசில் நோய் என்பர். அதே காலப்பகுதியில் இமயச் சாரலிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரிலும் தோன்றினமையின் நம் நாட்டார் இராணிக்கேத் நோய் என்பர். அது நச்சுயிரியால் வருவது; வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. பாட்டியார் ஒருவரின் புழக்கடைக் கோழிகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் அது வாரிக்கொண்டு போகும். ஆனால், குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் இட்டால் அதனைத் தடுக்கலாம். ஏழைக் குடும்பத்திற்குக் கோழி என்பது பள்ளிக்கட்டணமும் பண்டிகைச் செலவும் ஆகும். அவ்வூசி காப்பது கோழியை மட்டுமன்று.

தடுப்பூசி என்னும் கலையே கோழிக்குக் கடன்பட்டுள்ளது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாசுடர் 1879–80இல், கோழிக் கழிச்சல் நோயின் நுண்ணுயிர்களை வலிகுன்றச் செய்து கோழிகட்குச் செலுத்தினால், அவை பின்னர் அந்நோய்க்கு இரையாவதில்லை என்று கண்டார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வலிகுறைத்த நுண்ணுயிரால் நோயைத் தடுக்கும் நெறி அங்ஙனம் பிறந்தது. சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்குமான், 1890களில், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தீட்டாத அரிசி தின்றபின் எழுந்து நடப்பதையும் நோக்கி, பெரிபெரி என்னும் மனித நோயின் காரணத்திற்கு வழிகாட்டினார். 1929இல் நோபல் பரிசு பெற்றார். கோழியின் நோயைப் பொருட்படுத்தி நோக்கியவரே மனிதனின் நோய்க்கும் மருந்து கண்டனர் என்பதை எம் மாமாவிற்குக் கூற விரும்புகின்றேன்.

இத்தொழிலில் இனியன அல்லாத கடமைகளும் உண்டு. 1997இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தொற்றி, நோயுற்ற பதினெண்மருள் அறுவர் இறந்தனர். நம் நாட்டில் அந்நோய் முதன்முதல் 2006இல் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில் தோன்றியது. அத்தகைய காலங்களில், நோய் பரவாவண்ணம் சுற்றுவட்டத்துக் கோழிகள் அனைத்தையும் கொல்வித்தல் மருத்துவரின் பொறுப்பாகின்றது. உயிர் காக்கக் கற்றவர் உயிர் போக்க நேர்வது எத்துணைக் கொடிது! அன்றியும், கோழி விரைந்து கொழுக்கவேண்டி உணவில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கலத்தலை மறுத்து நிற்றலும் அவர் கடனே. மனிதர்க்கு இறுதி மருந்தாக வைத்துக் காக்கப்படும் கோலிசுடின் என்பதை உணவுக்குரிய விலங்குகட்கு அளித்தலை இந்திய அரசு 2019இல் தடுத்தது.

எருவைகளின் அழிவு

அறியாது செய்த அருள் எத்துணைப் பெருங்கேட்டை விளைக்கும் என்பதற்குப் பழங்கதை தேடவேண்டுவதில்லை. எருவை என்றும் பாறு என்றும் சங்கச் சான்றோர் பாடிய பிணந்தின்னிக் கழுகுகளின் வரலாறு நம் காலத்ததே.

1990களில், பரத்பூர் கேவலாதேவ் பறவைப் புகலிடத்தில் கழுகுகள் கழுத்துத் தொங்க அமர்ந்திருந்து மரத்தினின்று வீழ்ந்து இறப்பதை ஆய்வாளர் கண்டனர். வடநாடெங்கும் அவை மறைந்தன. 1992ஆம் ஆண்டில் ஆயிரமாக இருந்த இடத்தில் 2007ஆம் ஆண்டில் வெண்முதுகுக் கழுகு ஒன்றே எஞ்சியது என்னும் அளவிற்கு வீழ்ச்சி நேர்ந்தது. தொற்றுநோய் என்று பலர் எண்ணினர். அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் நுண்ணுயிர் அறிஞருமாகிய லிண்ட்சே ஓக்சு என்பவரும் அவர் குழுவினரும் பாகித்தானத்தில் இறந்த கழுகுகளை அறுத்து நோக்கியபோது, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணம் பூசியதுபோல் வெண்ணிற உப்புப் படிந்திருந்தது, சிறுநீரகம் கெட்டிருந்தது. தொற்றுக் கிருமிகளையும் நஞ்சுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கி, இறுதியில் அவர்கள் கண்ட காரணம், டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து. அம்முடிவு 2004இல் வெளியாயிற்று.

நொண்டும் மாட்டின் வலியைத் தணிக்க அன்புள்ள உழவனும் மருத்துவனும் அளித்த மருந்து அது. மாடு இறந்தபின் அதன் ஊனை உண்ட கழுகின் சிறுநீரகத்தை அது அழித்தது. நூறு மாட்டுப் பிணங்களுள் ஒன்றிற்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருப்பினும் அவ்வினம் அழிதற்குப் போதும் என்று கணக்கிட்டனர். மாட்டின்மீது கொண்ட அருள் மெய்யே. ஆயின், அதனை உண்ணும் பறவையின் உடலை எவரும் எண்ணிப் பார்த்திலர். பேகனது கொடைமடம் எவ்வுயிரையும் கொன்றதில்லை. இம்மருந்துமடம் வானையே வெறுமையாக்கிற்று. கழுகுகள் நீங்கவே, பிணங்கள் கிடந்து அழுகின. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின.

கேட்டினைக் கண்ட அறிவே தீர்வினையும் கண்டது. இந்திய அரசு 2006இல் கால்நடைகட்குரிய டைக்ளோஃபெனாக்கைத் தடுத்தது. மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்து கழுகுகட்குத் தீங்கு செய்யாதென்பதும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. மனித மருந்தின் பெரும்புட்டிகள் மாட்டிற்குப் பயன்படுதல் கண்டு, 2015இல் அப்புட்டியின் அளவும் மூன்று மில்லிலிட்டராகச் சுருக்கப்பட்டது. கழுகுகட்குத் தீங்கான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்பனவும் 2023இல் கால்நடை மருத்துவத்தினின்று விலக்கப்பட்டன. அரியானாவின் பிஞ்சோரில், கம்பன் கவிதையால் நம் நெஞ்சில் நிலைத்த சடாயுவின் பெயரால் அமைந்த நிலையத்தில் கழுகுக் குஞ்சுகள் வளர்க்கப்படுகின்றன. நம் நீலகிரிச் சாரலில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் உயிர், அவ்வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் தம் பையில் எம்மருந்தை வைத்துச் செல்கின்றார் என்பதைப் பொறுத்தது.

புறாவும் பருந்தும்

புறாவைக் காத்தற்குச் சிபி தன் தசையை அரிந்து பருந்திற்கு ஈந்தான் என்பர். அக்கதையைக் கேட்கும் நாம் புறாவின் பக்கமே நிற்கின்றோம். மருத்துவரோ இருபக்கமும் நிற்றல் வேண்டும். பருந்தும் அவருக்கு நோயாளியே.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை நெடுங்காலமாகக் கட்டணமின்றிப் பறவைகளைப் பேணிவருகின்றது. அந்நகரிலேயே, கண்ணாடித்தூள் பூசிய பட்டக்கயிறான மாஞ்சாவால் சிறகறுந்து வீழும் பருந்துகளை எடுத்துத் தம் இல்லத்திலேயே பேணத் தொடங்கிய நதீம், சவுத் என்னும் உடன்பிறந்தார் இருவரின் பணியைக் காட்டும் ஆவணப்படம் 2022இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். தேவை கண்டு தாமே கற்றவர். கற்றவர் போதிய அளவில் இல்லாமையே அத்தகையோரை உருவாக்குகின்றது. மாஞ்சாக் கயிற்றைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடெங்கும் தடுத்தும், வீழும் சிறகுகள் ஓயவில்லை.

அரபு நாடுகளில் வேட்டைக்கு வளர்க்கும் இராசாளிகட்கெனத் தனி மருத்துவமனைகளே உண்டு. அபுதாபியிலுள்ள இராசாளி மருத்துவமனை 1999இல் திறக்கப்பட்டது. அங்குப் பறவையின் இறகு முறிந்தால், முன்பு உதிர்ந்து சேமித்து வைத்த இறகுகளுள் ஒத்ததைத் தேர்ந்து, முறிந்த தண்டில் சிறு குச்சி செருகி ஒட்டுவர். உழவர் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோன்ற அவ்வேலையால், அடுத்த இறகுதிர் காலம் வரை காத்திராது பறவை உடனே பறக்கும்.

கல்விநெறி

இத்தொழிலை விரும்புவார், பள்ளி மேல்வகுப்பில் உயிரியல், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களைப் பயிலுதல் வேண்டும். பின்னர்க் கால்நடை மருத்துவமும் பராமரிப்பும் என்னும் இளநிலைப் பட்டத்திற்கு ஐந்தரை ஆண்டு பயில்வர். அதனுள் இறுதி ஓராண்டு நேர்முகப் பயிற்சி. நம் மாநிலத்தில், 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய இடங்களிலுள்ள கல்லூரிகளும், 1989இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகின்றன. சேர்க்கை விதிகளை அவ்வவ்வாண்டின் அறிக்கையைக் கண்டு தெளிக. ஓசூரிலுள்ள கோழியினக் கல்லூரி அளிக்கும் பட்டம் கோழி வளர்ப்புத் தொழில்நுட்பத்திற்குரியது. அதனைப் பெற்றவர் மருத்துவராகார். இவ்வேறுபாட்டை அறியாது விண்ணப்பிப்பாரும் உளர்.

பறவைகட்கு மட்டுமென இளநிலையில் தனிப்பட்டம் இல்லை. மாடும், ஆடும், நாயும், குதிரையும் ஆகிய யாவற்றையும் கற்ற பின்னரே பறவைக்கு வருதல் இயலும். பட்டம் பெற்றோர், 1984ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். அதன்பின் முதுநிலையில் கோழியின அறிவியல், நோய்க்குறியியல், வனவிலங்கியல் போன்ற துறைகளுள் ஒன்றைத் தேர்ந்து, பறவைகளை மிகுதியாகக் காணும் மூத்த மருத்துவர் ஒருவரிடம் கைப்பழக்கம் பெறுதலே நெறி. பரேலிக்கு அருகிலுள்ள இசத்நகரில் 1979இல் தோன்றிய நடுவண் பறவை ஆராய்ச்சி நிலையமும், போபாலில் பறவைக் காய்ச்சலை ஆராயும் உயர்காப்பு ஆய்வுக்கூடமும் மேலாராய்ச்சிக்கு இடமாவன. அமெரிக்காவில் 1980இல் தோன்றிய பறவை மருத்துவர் சங்கம் இத்துறை அறிவைப் பரப்பி வருகின்றது.

வேலை எங்கே கிடைக்கும்? அரசு கால்நடை மருந்தகங்கள், கோழிப்பண்ணைகள், தடுப்பூசி நிலையங்கள், வண்டலூர் போன்ற உயிர்க்காட்சிச் சாலைகள், வனத்துறை, பெருநகர்களிலுள்ள வளர்ப்புயிர் மருத்துவமனைகள் என்பன வாயில்கள். கிளியை மட்டுமே கண்டு பிழைக்க நினைப்பார் பெருநகரையே நாடவேண்டும். அங்கும் தொடக்கத்தில் நாயும் பூனையுமே சோறு போடும். மேலும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், நம் நாட்டுப் பச்சைக்கிளி முதலியவற்றைக் கூண்டில் வளர்த்தலைத் தடுக்கின்றது. அடிபட்ட காட்டுப்பறவை தம்மிடம் வந்தால் அதனை வனத்துறைக்கு அறிவித்து, பறக்கும் ஆற்றல் மீண்டபின் வானுக்கே திருப்பித் தருதல் மருத்துவரின் கடமை. அவர் பெறும் கூலி, அது திரும்பிப் பாராமற் பறந்துபோவதே.

தம்மையும் அவர் காத்துக்கொள்ளல் வேண்டும். கிளிக்காய்ச்சல் என்னும் நோய் பறவையின் எச்சத்தூளால் மனிதர்க்குத் தொற்றும். இறகுத்தூளால் மூச்சிரைப்பு வருவாரும் உண்டு. அவ்வியல்புடையார் முன்னரே ஆராய்ந்து துணிதல் நலம்.

முடிவுரை

இத்தொழிலுக்குப் பறவைகளின்பால் அன்பு வேண்டுமா என வினவின், வேண்டும். அஃது இன்றேல், எட்டு மணிக்கு மூடிய மருந்தகத்தின் கதவைப் பத்து மணிக்குத் தட்டுபவனுக்கு, அவன் கையிலிருப்பது இருபது ரூபாய்க் கோழிக்குஞ்சு எனினும், எழுந்து வந்து திறக்கும் மனம் வாராது. ஆயின் அன்பே போதும் என்பாரை, யான் என் வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்வேன். அங்குப் புதையுண்டு கிடப்பது அன்பினாற் கொல்லப்பட்ட ஓர் உயிர்.

எம் மாமாவின் வினாவிற்கு என் தங்கை அன்று விடை கூறவில்லை. சென்ற திங்கள் அவர் வீட்டு முற்றத்தில் மின்விசிறியில் அடிபட்ட குருவியொன்று வீழ்ந்தது. தண்ணீர் வார்க்க எழுந்தவரைத் தடுத்து, அவள் ஒரு காலணிப் பெட்டியில் துணி விரித்து, காற்றுத் துளையிட்டு, குருவியை இருளிலும் வெப்பத்திலும் அமைதியாய் வைத்தாள். வாயில் ஒன்றும் இடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, குருவி விளிம்பில் ஏறி நின்று, பின் மதிலைத் தாண்டிப் பறந்தது. மாமா நெடுநேரம் அம்மதிலையே நோக்கியிருந்தார். பின்னர், “விண்ணப்பம் எப்பொழுது கொடுக்க வேண்டும்?” என்று மட்டும் வினவினார்.

பேகன் இன்று இருப்பின், அம்மயிலுக்குப் போர்வை ஈவதோடு நில்லாது, மயிலை அறிந்த ஒருவரைப் பயிற்றுவித்தற்கும் பொருள் ஈவான் என்பது என் துணிபு.